ஊதா ஸ்கார்ஃப், பச்சை ஸ்கார்ஃப்

“இந்தப் பத்தொன்பது பேரையும் அமிஹான் விமானத்துல ஏத்தி அனுப்புங்க சார். செலவு லுபாட்டோடது.”

வெண்டெல் சார் நிமிரவில்லை. உலர்ந்த மாம்பழத் துண்டு ஒன்றை வாயில் போட்டு மென்றபடி போனைத் தடவிக்கொண்டிருந்தார். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டால் நான் கேட்காத மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருக்கலாம். நான் அதையே இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

“முதல்ல அந்தப் பச்சையக் கழட்டிட்டு வா. அப்புறம் பேசலாம்” என்றார்.

என் கழுத்தில் இருந்தது அமிஹான் விமானக் கம்பெனியின் பச்சை ஸ்கார்ஃப். அவர் அதன் போட்டிக் கம்பெனியான லுபாட்டின் நிலைய மேலாளர். லுபாட்டுக்கு ஊதா.

வேலையில் சேர்ந்த முதல் நாள் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடமே இதுதான். கழிப்பறை எங்கே இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. ஊதா கட்டியிருக்கும்போது அமிஹான் என்ற பெயர் வாயில் வரக்கூடாது. பச்சை கட்டியிருக்கும்போது லுபாட். விமானம் ரத்தானால், இவர்களை அந்தப் பக்கம் அனுப்பிவிடலாமா என்று யாரிடமும், எந்தக் காரணத்துக்கும் கேட்கவே கூடாது. கேட்ட ஒரு பெண்ணை அடுத்த வாரம் சரக்குக் கொட்டகைக்கு மாற்றினார்கள். அவள் இப்போது மீன் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறாள்.

நான் இரண்டு கம்பெனிக்கும் ஆள் இல்லை. இரண்டு கம்பெனியும் குத்தகைக்கு எடுத்த ஏஜென்சியின் ஆள். செபுவிலிருந்து கமிகின் தீவுக்கு முன்பு லுபாட் மட்டும் போய்க்கொண்டிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அமிஹான் வந்தது. இவன் விலையைக் குறைத்தான், அவன் இன்னும் குறைத்தான், கடைசியில் விமான நிலையத்துக்கு வரும் வேன் வாடகையை விட டிக்கெட் மலிவாகிப்போனது. ஊரே கைதட்டியது. குறைந்த பணம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டுமே? இரண்டு பேரும் ஏஜென்சியின் கழுத்தைப் பிடித்தார்கள், ஏஜென்சி எங்கள் கழுத்தைப் பிடித்தது. பன்னிரண்டு பேர் செய்த வேலையை இப்போது ஆறு பேர் செய்கிறோம். ஐந்து மாதத்துக்கு ஒருமுறை எங்களை அனுப்பிவிட்டு மறுநாளே புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள், யாரும் நிரந்தரம் என்று உரிமை கேட்டுவிடக்கூடாதல்லவா. நான் இங்கே ஐந்து தடவை புது ஆளாகச் சேர்ந்திருக்கிறேன்.

ஒருவன் விமானம் போன கையோடு மற்றவன் விமானம் போகும். அதே தீவு. தூணுக்குப் பின்னால் போய் ஊதாவை அவிழ்த்துப் பச்சையைக் கட்டிக்கொண்டு பக்கத்துக் கவுண்டரில் நிற்பேன். லுபாட்டுக்கு வலது கையை நெஞ்சில் வைத்து வணக்கம் சொல்ல வேண்டும். அமிஹானுக்கு இரண்டு கையையும் ஆட்ட வேண்டும். சேர்ந்த புதிதில் நெஞ்சில் கை வைத்து இன்னொரு கையை ஆட்டிவிட்டேன். மாரடைப்பா என்று ஒரு பாட்டி பதறிப் போனாள்.

இன்று காலை லுபாட்டுக்கு வந்தவர்கள் பத்தொன்பது பேர். எழுபது பேருக்கு மேல் போகிற விமானம். முதலில் வந்தது சரிட்டா லுமாபாஸ். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. சின்னப் பெண்களை எங்கள் பக்கம் கூப்பிடுகிற மாதிரி என்னை இண்டாய் என்றார்.

“இது நேரத்துக்குப் போயிடும்ல, இண்டாய்? இன்னைக்கு ஆபீஸ் மூடுறதுக்குள்ள நான் தீவுல, மம்பஹாவ் டவுன்ல கையெழுத்துப் போடணும். டீச்சர் வேலை. நாலு வருஷமா காத்திருந்தது. சர்டிபிகேட்டுல முத்திரை வாங்கத்தான் இங்க வந்தேன். இன்னைக்குப் போகலைன்னா அடுத்து இருக்கிறவளுக்குப் போயிடும்.”

“கப்பல்ல போயிருக்கலாமே மேடம், எதுக்கு வம்பு?”

“கப்பல் ராத்திரி ஏறினா காலையிலதான் இறக்கி விடும். டிக்கெட் இவ்வளவு மலிவா இருக்கேன்னு இதை எடுத்தேன்.”

அவருக்குப் பின்னால் டொமிங் என்ற பெரியவர், மரியாதையாக நோங் டொமிங். இரண்டு நீள அட்டைப்பெட்டி, உள்ளே லெச்சோன், முழுசாகச் சுட்ட பன்றி. பேத்திக்கு ஞானஸ்நானம். பன்றித்தோல் மணம் அடித்து வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

எல்லோருக்கும் சீட்டு கொடுத்து முடித்தபோது வெண்டெல் சாரிடமிருந்து போன். “கமிகின் ரத்து. வானிலைன்னு சொல்லிடு.”

கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். எங்கள் விமானம் அங்கேயே நின்றது. சியார்காவோ தீவுக்குப் போகும் கூட்டம், அலைச்சறுக்குப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு, வரிசையாக அதில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பாதையில் டிக்கெட் விலை இன்னும் இறங்கவில்லை. பத்தொன்பது பேரோடு கமிகின் போவதைவிட இருக்கை நிரம்பி சியார்காவோ போவது லாபம். அவ்வளவுதான் வானிலை.

ஏன் வானிலை என்று சொல்ல வேண்டும்? தப்பு கம்பெனியுடையது என்றால் பயணியைத் தன் செலவில் வேறு கம்பெனி விமானத்திலாவது அனுப்பியாக வேண்டும், அது சட்டம். வானிலை கடவுளுடைய தப்பு. அவர் யாருக்கும் டிக்கெட் எடுத்துத் தர மாட்டார்.

மைக்கை எடுத்தேன். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, தீவில் மோசமான வானிலை என்றேன். முணுமுணுத்தார்கள், சாபம் விட்டார்கள், உட்கார்ந்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் போய்ப் பச்சையைக் கட்டிக்கொண்டு வந்து பக்கத்துக் கவுண்டரில் நின்று, “கமிகின் போறவங்க இங்க வாங்க” என்று இரண்டு கையையும் ஆட்டினேன்.

நோங் டொமிங் எழுந்து வந்தார். என் முகத்தையும் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏ இண்டாய், கழுத்துத் துணிய மாத்தினா தீவுல மழை நின்னுடுமா? அப்படின்னா எங்க ஊருக்கு நாலு வாங்கிட்டுப் போறேன். நெல்லு காயப் போடணும்.”

வரிசையே சிரித்தது. பக்கத்தில் என்னோடு வேலை செய்கிற சினிலின் பெல்ட்டைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து சிரித்தாள். சரிட்டா சிரிக்கவில்லை. வந்து, இந்த விமானத்தில் இப்போதே டிக்கெட் எடுத்தால் எவ்வளவு என்று கேட்டார். கவுண்டர் விலையைச் சொன்னேன். புறப்படும் நேரத்தில் வாங்குகிறவனிடம்தான் இரண்டு கம்பெனியும் விட்டதைப் பிடிக்கிறார்கள். அவர் திரும்பக் கேட்கவில்லை. போய் உட்கார்ந்து பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்துக்கொண்டார். அழுதிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். அழுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அமிஹானில் நாற்பது இருக்கைக்கு மேல் காலி. திரையில் எனக்கே தெரிகிறது. கவுண்டரை சினிலினிடம் விட்டுவிட்டு மாடி ஏறினேன். அப்படித்தான் பச்சை ஸ்கார்ஃபோடு வெண்டெல் சார் முன்னால் நின்றேன்.

“கழட்ட மாட்டேன் சார். இப்பவே பதில் சொல்லுங்க.”

மாம்பழப் பொட்டலத்தை மடக்கி வைத்தார். “ரியலின். ஒவ்வொரு ஆளையும் அந்தப் பக்கம் அனுப்பினா அது மணிலா ஹெட் ஆபீஸ்ல என் பேருக்கு நேரா ஒரு கரும்புள்ளி. பத்தொன்பதுன்னா? இந்தப் பாதைய மூடிடுவாங்க. மூடினா நீயும் நானும் வீட்டுக்குத்தான். என் பையன் காலேஜ்ல இருக்கான்.”

“அதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க? மலிவு டிக்கெட் எடுத்தது குத்தமா?”

“மலிவா எடுத்தா மலிவாத்தான் கிடைக்கும்.”

“அப்ப டிக்கெட்டுல அப்படியே போட்டுடுங்களேன். ‘மனசிருந்தா பறப்போம்’னு.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். கெட்ட மனுஷன் இல்லை, அதுதான் எரிச்சல். “சரி. அந்த டீச்சரம்மாவுக்கு மட்டும் என் கைக்காசுல அமிஹான்ல டிக்கெட் எடுத்துத் தரேன். மத்த பதினெட்டு பேர் நாளைக்குப் போகட்டும்.”

“நாளைக்கு விமானம் உண்டா?”

“ஆள் சேர்ந்தா உண்டு.”

அவர் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

“கீழ போய், மறுபடியும் மைக்கில வானிலைன்னு அழகா ஒரு தடவை சொல்லு. சத்தம் அடங்கட்டும். திங்கக்கிழமை உன் பேரு மணிலாவுக்குப் போகுது. லுபாட்டோட சொந்த ஆளு. ஏஜென்சி கிடையாது. அஞ்சு மாசத்துக்கு ஒருக்கா புதுசா சேர்ற கூத்து கிடையாது. உங்க அப்பா இன்னும் டிரைசிக்கிள்தானே ஓட்டுறாரு?”

ஆமாம். எங்கள் ஊரான கோர்டோவாவில் இன்னும் சவாரி ஏற்றும் மூன்று சக்கர டிரைசிக்கிள்தான் ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் படிப்புக்காக இரண்டு டிரைசிக்கிளில் ஒன்றை விற்றார். மேலே இருக்கிறவர்களிடம் எதையும் கேட்காதே, கேட்டால் கொடுத்ததையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று சொல்லித்தான் வேலைக்கு அனுப்பினார். நிரந்தர வேலை என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒரு சம்பளத்தில் ஆறு பேர் மூச்சு விடுவார்கள்.

தலையை ஆட்டினேன். சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். தலையாட்டுகிறவர்களையே பார்த்துப் பழகியவர்.

கீழே இறங்கும்போதுதான் தோன்றியது. ஒரு கம்பெனியின் பயணியை இன்னொரு கம்பெனிக்கு மாற்ற இரண்டு ஆள் வேண்டும். இந்தப் பக்கம் ஒருத்தர் அனுப்ப வேண்டும், அந்தப் பக்கம் ஒருத்தர் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒருத்தர் மறந்தாலும் இன்னொருத்தர் கேட்பார் என்று வைத்த விதி. இரண்டு கம்பெனியும் காசு மிச்சம் பிடிக்க ஒரே ஆளை வைத்திருப்பார்கள் என்று விதி எழுதினவனுக்குத் தெரியாது. அனுப்ப வேண்டியதும் நான், ஏற்க வேண்டியதும் நான்.

தூணுக்குப் பின்னால் போய் ஊதாவைக் கட்டினேன். லுபாட் கவுண்டரில் உட்கார்ந்து பத்தொன்பது பெயரையும் லுபாட் செலவில் ஒவ்வொன்றாக அமிஹானுக்கு அனுப்பினேன். காரணம் என்ற இடத்தில் ‘விமானம் வேறு பாதைக்கு மாற்றப்பட்டது’ என்று அடித்தேன். எழுந்தேன். தூணுக்குப் போனேன். பச்சையைக் கட்டினேன்.

“மாத்தாமலே பண்ணேன்டி, இங்க யாரு பாக்குறா?” என்றாள் சினிலின்.

“முறைப்படி பண்ணணும்.”

“உனக்கு முத்திப்போச்சு” என்றாள். ஆனால் நான் கேட்காமலே பெட்டிகளுக்குப் புதுச் சீட்டு ஒட்டத் தொடங்கினாள்.

பச்சையோடு அமிஹான் கவுண்டரில் உட்கார்ந்து பத்தொன்பது பேரையும் ஏற்றுக்கொண்டேன். மைக்கை எடுத்தேன். நெஞ்சில் கை வைக்கவில்லை, கையை ஆட்டவும் இல்லை.

“லுபாட்ல கமிகின் போக இருந்தவங்க எல்லாரும் இங்க வாங்க. தீவுல வெயில் அடிக்குது. உங்க விமானம் சியார்காவோ போயிடுச்சு. நீங்க அமிஹான்ல போறீங்க, காசு கொடுக்க வேண்டாம்.”

நாற்காலிகள் கிறீச்சிட்டன.

“லெச்சோனுக்கும் சீட்டு உண்டா?” என்றார் நோங் டொமிங்.

“கீழதான் வைப்பாங்க நோங். ‘உடையும் பொருள்’னு ஒட்டியிருக்கு. வழியில யாரும் பிச்சுத் தின்ன மாட்டாங்க.”

“நீ நல்லா இருப்பே. ஒரு காது உனக்கு எடுத்து வைக்கச் சொல்றேன்.”

சரிட்டா கடைசியாக வந்தார். சீட்டை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார். “உனக்கு வேலை போயிடுமா?”

“சீக்கிரம் போங்க மேடம். கதவை மூடிடுவாங்க.”

“என்ன படிச்சே?”

“டூரிசம்.”

“வீட்டுல முதல் ஆளா?”

“ஆமா.”

“நானும்” என்றார். பிறகு ஓடினார். செருப்பு சத்தம் வாசல் வரை கேட்டது.

அமிஹான் விமானம் ஓடுபாதைக்குத் திரும்பும்போது வெண்டெல் சார் படியில் இறங்கி வந்தார். காதில் இன்னும் போன் இருந்தது. மறுமுனையில் அமிஹானின் மேலாளர், இவர் பையனின் ஞானத்தந்தை, அந்த உறவில் இவரைப் பரே என்று கூப்பிடுகிறவர். கரகரப்பான குரல் எங்களுக்கே கேட்டது. “பரே, பத்தொன்பது பேரு! அதுவும் கவுண்டர் விலையில! நீ இவ்வளவு நல்லவன்னு தெரியாமப் போச்சே. சனிக்கிழமை பியர் என்னோடது.”

போனை அணைத்தார். முகம் சுண்டியிருந்தது.

“யாரு அனுப்பினது?”

“நான்தான் சார்.”

“அந்தப் பக்கம் யாரு வாங்கினது?”

“அதுவும் நான்தான்.”

வெளியே பார்த்தார். விமானத்தை நிறுத்தச் சொல்ல வேண்டுமானால் அந்தப் பக்கத்தைத்தான் கேட்க வேண்டும். நல்லவன் என்று இப்போதுதான் பாராட்டிய ஆளிடம் அவரால் அது முடியாது.

“ஏன் ரியலின்? திங்கக்கிழமைன்னு சொன்னேனே. டீச்சரையும் அனுப்புறேன்னேன். இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?”

“நாளைக்கும் அதே மைக்கில வானிலைன்னு நான்தானே சொல்லணும் சார்.”

கழுத்திலிருந்த பச்சையை அவிழ்த்தேன். பையிலிருந்து ஊதாவை எடுத்தேன். இரண்டையும் மடித்து பெட்டி எடை போடும் தராசு மேல் வைத்தேன். மடிக்காமல் எறிந்துவிட்டுப் போகத்தான் ஆசை. ஆனால் அடுத்த விமானத்துக்கு அதைக் கட்டப்போகிறவள் சினிலின்.

“சட்டைய நாளைக்கு ஏஜென்சியில குடுத்துடறேன்” என்றேன்.

“யோசிச்சுப் பாரு. உக்காரு, ஒரு காபி குடி. இதை ஏதோ தவறுன்னு எழுதிடலாம், நான் பேசிக்கறேன்.” அவர் குரல் நிஜமாகவே கெஞ்சியது. “இந்தப் பாதைய மூடிடுவாங்கடி.”

“மூடினா கப்பல் இருக்கு சார். கப்பல் சொன்ன நேரத்துக்குக் கிளம்புது.”

சினிலின் என் பையை நீட்டினாள். மாலை அவளோடு ஜீப்னி வண்டியில் போகிறபோது எல்லாவற்றையும் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மாலை வரை நான் இங்கே இருக்கப்போவதில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அப்பாவிடம் என்ன சொல்வது என்பதை வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணாடிக் கதவு திறந்தது. வெளியே நல்ல வெயில். நான் நடந்தேன்.