கண்ணாடியில் தெரிந்த அளவு

வேலை செய்யும்போது சலூன்காரர் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார். ஆனாலும் தெருவில் அவருக்குத் தெரியாமல் எதுவும் நடந்ததில்லை. சுவரை அடைத்த ஒரு பெரிய கண்ணாடி இருந்தது. எதிரே இருந்த மருந்துக்கடையின் வாசலும் படியும் அந்தக் கண்ணாடிக்குள் கச்சிதமாக அடங்கிவிடும். கத்தரி ஒரு பக்கம் ஓடும், கண் ஒரு பக்கம் ஓடும், வாய் அது பாட்டுக்கு ஓடும். தெருவில் அவருக்கு ரேடியோ என்று பெயர். அவர் மனைவி மட்டும் அப்படிக் கூப்பிடமாட்டாள். ரேடியோ என்றால் நிறுத்த ஒரு பொத்தான் இருக்கவேண்டுமே என்பாள்.

அன்று மதியமும் எல்லாம் கண்ணாடிக்குள்தான் நடந்தது. நாற்காலியில் கணக்கு வாத்தியார். ரேடியோ முடிவெட்டும் மெஷினை அவர் காதோரம் ஓட்டிக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரப் பெண் வாசலில் உட்கார்ந்து, வந்திறங்கிய அட்டைப்பெட்டிகளைப் பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளை விட்டுப் பிரிந்து போயிருந்த கணவன் படியேறினான். அந்தப் பிளேடையே பிடுங்கி அவளை வெட்டினான். ரேடியோ கையிலிருந்த மெஷினைப் போட்டுவிட்டு ஓடினார். தன் தோளில் கிடந்த துண்டை அவளுடைய வெட்டுப்பட்ட கையில் வைத்து அழுத்திப் பிடித்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை எடுக்கவில்லை.

கணக்கு வாத்தியார் பாதித் தலையோடு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்ததால் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. பிற்பாடு அந்தச் சம்பவத்தைப் பற்றி அதிகம் பேசியவரும் அவர்தான்.

அவள் பிழைத்துக்கொண்டாள். அவன் பிடிபட்டான். அவளுக்குப் பாதுகாப்பான ஓர் இடத்தில் தங்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று கேள்வி. எங்கே என்று யாருக்கும் தெரியாது. மருந்துக்கடையின் ஷட்டர் மூடியே கிடந்தது. ரேடியோவின் கண்ணாடியில் இப்போதெல்லாம் அந்தச் சாம்பல் நிறத் தகரம்தான்.

கதை மட்டும் மூடவில்லை. துணியைப் போர்த்தியதுமே ஒவ்வொருவரும் கேட்டார்கள்: "என்னதாண்ணே நடந்துச்சு?" ரேடியோவும் சொன்னார். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. ஒருவர் வந்து, அவன் வண்டியைத் தெருமுக்கில் நிறுத்தினான் என்றார். அது கதையில் சேர்ந்தது. கணக்கு வாத்தியார் அவனுக்குச் சிவப்புச் சட்டை போட்டுவிட்டார். "உன்னை விடமாட்டேன்டின்னு கத்தினான்யா" என்றார் இன்னொருவர். அதுவும் சேர்ந்தது. கொஞ்ச நாளில் கதை பிரமாதமாக இருந்தது. கேட்டவர்கள் முடிவெட்டி முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

சாட்சி சொல்ல வரும்படி நீதிமன்றத்திலிருந்து தபால் வந்தது. அது வந்த வாரமே வெட்டினவனின் அண்ணனும் வந்தான்.

"ஷேவிங்" என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்தான். ரேடியோ நுரை தடவினார். ரேசரை எடுத்தார்.

"கேஸ் வருதாமேண்ணே."

"ஆமா தம்பி."

"புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும். நடுவுல வெளியாளு எதுக்கு?"

கன்னத்தில் ரேசர் இறங்கிக்கொண்டிருந்தது.

"நல்ல பெரிய கண்ணாடி வச்சிருக்கீங்க" என்றான் அவன், கண்ணாடியைப் பார்த்தபடியே. "உடைஞ்சா இந்த மாதிரி இன்னொண்ணு கிடைக்காது. இல்ல?"

ரேடியோவின் கை நின்றது. மறுபடி கழுத்தருகே போனபோது ரேசரின் நுனி ஆடியது.

"பார்த்துண்ணே. கை ஆடுது."

அவன் போனபிறகும் ஆடியது. மறுநாளும் ஆடியது. அதற்குப் பிறகு ரேடியோ யாருக்கும் ஷேவிங் செய்யவில்லை. ரேசர் பிடி சரியில்லை என்று சாக்குச் சொன்னார். கத்தரி வேலையை மட்டும் எப்படியோ ஓட்டினார். கையை நம்பிப் பிழைக்கிற மனிதர். கை போனால் கடை போச்சு.

வீட்டில் மனைவி சோறு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"கழுத்து அவனுது, ரேசர் உங்களுது. அப்பவும் பயந்தது நீங்கதானா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவர் கையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

"நான் போகல" என்றார் அவர். "ஒண்ணும் பார்க்கலன்னு சொல்லிடறேன். எதுக்கு வம்பு."

"அப்போ அந்தப் பொண்ணு?"

"அவளுக்கு அவங்க ஆளுங்க இருப்பாங்க."

"யாரு? புருஷனா?"

வந்த தபாலின் அடியில் சாட்சி உதவி மையம் என்று ஒரு தொலைபேசி எண் இருந்தது. அவள் அதை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"உதவி கேக்க நான் என்ன நோயாளியா? வெளியில தெரிஞ்சா சிரிப்பாங்க."

"பல்லு வலிச்சப்ப டாக்டர்கிட்ட ஓடுனீங்களே, அப்ப யாரு சிரிச்சா? உள்ளுக்குள்ள ஆடுதுல்ல, அதுக்கும் ஆளு இருக்குன்னு இதுல போட்டிருக்கு. நான் கூப்பிடறேன். நீங்க சும்மா இருங்க. அதுதான் உங்களுக்கு வராது."

இருவரும் சேர்ந்து போன உதவி மையம் நீதிமன்றக் கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. தனி வாசல். உள்ளே ஒரு சோபா, மேசை, தண்ணீர்க் குடுவை. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஓர் அம்மாள் எழுந்து வந்தார். மடியிலிருந்து கம்பளி நூலுருண்டை உருண்டு சோபாவுக்கடியில் போனது. ஏதோ ஒரு கையுறை பின்னிக்கொண்டிருந்தார். அதற்கு விரல் ஒன்று அதிகமாக இருந்தது போலத் தெரிந்தது.

ரேடியோ உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். "அன்னைக்கு மதியம்மா, வாத்தியாருக்கு நான் மெஷின் போட்டுட்டிருந்தேன், அப்ப முக்குல ஒரு வண்டி..."

"வேண்டாங்க" என்றார் அந்த அம்மாள்.

ரேடியோவின் வாய் திறந்தபடி நின்றது. அவருடைய வாழ்நாளில் அவர் கதை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் இந்த அம்மாள்தான்.

"இத்தனை வருஷமா நான் பண்ண முடியாததை ஒரே வார்த்தையில பண்ணிட்டீங்களேம்மா" என்றாள் மனைவி.

"நான் வக்கீலும் இல்ல, போலீசும் இல்ல" என்றார் அம்மாள். "பக்கத்துல உட்கார்ற ஆளு. வழக்கைப் பத்தி எங்கிட்ட பேசக்கூடாது. நான் ஏதாவது சொல்லி, உங்க ஞாபகத்துல அது ஒட்டிக்கிட்டா தப்பாயிடும். அதனால என்ன நடந்துச்சுன்னு நான் கேக்கமாட்டேன். உங்களுக்கு என்ன வேணும்? அதைச் சொல்லுங்க."

ரேடியோ யோசித்தார். முதல் கேள்வியைத் தெருவே அவரிடம் கேட்டிருக்கிறது. இந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்கவில்லை.

"கடைக்கு வந்து மிரட்டின அவனோட அண்ணன் மூஞ்சியைக் கோர்ட்டு வராந்தாவுல பார்க்கக்கூடாது" என்றார் கடைசியில். "அப்புறம்... கை ஆடாம இருக்கணும்."

மிரட்டலைப் பற்றி மட்டும் அம்மாள் விவரமாகக் கேட்டார். அங்கேயே ஒரு போலீஸ் அதிகாரியைக் கூப்பிட்டுப் புகாராக எழுத வைத்தார். அந்த அண்ணனைக் கூப்பிட்டு எச்சரிப்பார்கள், கடைப் பக்கம் ரோந்தும் வரும் என்றார் அதிகாரி. பிறகு அம்மாள் அவர்களைக் காலியாக இருந்த நீதிமன்ற அறைக்குக் கூட்டிப்போனார். நீதிபதி அங்கே, வக்கீல்கள் இங்கே, நீங்கள் இந்தக் கூண்டில் என்று காட்டினார். ரேடியோ ஏறி நின்று பார்த்தார். மரக் கைப்பிடி வழவழவென்று இருந்தது. ஓரத்தில் ஒரு திரைச்சீலை.

"அது எதுக்கும்மா?"

"வெட்டுப்பட்டவங்க பேசும்போது எதிராளி முகத்தைப் பார்க்க வேண்டாம்னு கேட்டா, மறைக்கிறதுக்கு."

ரேடியோ அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்ணின் கையில் துண்டை அழுத்திப் பிடித்தது அவர்தான். மறுநாளிலிருந்து அவள் பட்ட பாட்டைத் தலைக்குத் தலை விளம்பரம் செய்ததும் அவர்தான். அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவைகூட விசாரிக்கவில்லை.

வெளியே வரும்போது மெல்லக் கேட்டார். "எது நான் பார்த்தது, எது கடையில பேசுனதுன்னு எனக்கே குழம்பிக் கிடக்கும்மா. என்ன பண்றது?"

"அதை எங்கிட்ட பிரிச்சுக் காட்டாதீங்க. கடையிலயும் இனிமே பேசாதீங்க. பார்த்ததைப் பார்த்தேன்னு சொல்லுங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க. கோர்ட்டுல தெரியாதுன்னு சொன்னா மார்க்கு குறைக்கமாட்டாங்க."

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் ரேடியோ ஆள் வருவதற்கு முன்னால் தன் வழக்கமான இடத்தில் போய் நின்றார். காலி நாற்காலிக்குப் பின்னால், தெருவுக்கு முதுகைக் காட்டி. கண்ணாடியைப் பார்த்தார். மருந்துக்கடை வாசல் தெரிந்தது. படி தெரிந்தது. தெருமுக்கு தெரியவில்லை. கழுத்தை வளைத்தும் பார்த்தார். தெரியவேயில்லை. அப்படியானால் அந்த வண்டி அவருடையது அல்ல. மெஷினை ஓடவிட்டார். அந்த இரைச்சலில் எதிர்ச்சாரியில் யார் கத்தினாலும் காதில் விழ வழியில்லை. ஆக, கத்தலும் அவருடையது அல்ல. சிவப்புச் சட்டை வாத்தியாருடையது. அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கழித்துப் பார்த்தால் மிஞ்சியது கொஞ்சம்தான். பெட்டி, அவன் கை ஓங்கியது, அவள் சரிந்தது, அவன் திரும்பியபோது தெரிந்த முகம். அவ்வளவும் கண்ணாடிக்குள் இருந்தது. அவ்வளவும் அவருடையது.

அன்று கடையில் கேட்டவர்களிடம் "கேஸ் முடியட்டும்" என்றார். ரேடியோ ரிப்பேர் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

விசாரணை நாளன்று பின்வாசல் வழியாகப் போனார். அண்ணன்காரன் முன்வாசலில் நின்றிருந்தானாம், இவர் கண்ணில் படவில்லை. அழைப்பு வரும்வரை அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார். தலைமுடி உதிர்வதைப் பற்றி ரேடியோவிடம் யோசனை கேட்டார். அவரும் தாராளமாகச் சொன்னார். உள்ளே கூப்பிட்டபோது அம்மாளும் வந்து, அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "வண்டியில வந்தாரா, நடந்து வந்தாரா?"

"தெரியாதுங்க."

"என்ன கலர் சட்டை?"

"ஞாபகம் இல்லைங்க."

"எந்தக் கையால வெட்டினார்?"

"நிச்சயமாச் சொல்ல முடியலைங்க."

"அப்ப உங்களுக்கு என்னதான் தெரியும்?"

"வெட்டுனது அவருங்க. திரும்பினப்ப கண்ணாடியில முகம் தெரிஞ்சுது. அந்த முகத்துக்கு மாசா மாசம் நான்தான் ஷேவிங் பண்ணுவேன்."

வக்கீல் அடுத்தடுத்துக் கேட்டார். ரேடியோ தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். நடுவில் கீழே பார்த்தபோதுதான் கவனித்தார். மரக் கைப்பிடியின் மேல் அவருடைய இரண்டு கைகளும் சும்மா கிடந்தன. ஆடவில்லை.

வெளியே வந்ததும் எப்படிச் சொன்னீர்கள் என்று அம்மாள் கேட்கவில்லை. "தண்ணி வேணுமா, தேநீர் வேணுமா?" என்றார்.

"கொஞ்ச நேரம் பேசாம உட்காரணும்மா" என்றார் ரேடியோ. அவர் மனைவி இந்த வாக்கியத்தைப் பிற்பாடு உறவுக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

திரைக்குப் பின்னால் நின்று அந்தப் பெண்ணும் பேசினாள். அவனுக்குத் தண்டனை கிடைத்தது.

ஒருநாள் காலை கண்ணாடியில் சாம்பல் நிறத் தகரம் மேலே ஏறியது. மருந்துக்கடைக்காரப் பெண் உள்ளே விளக்கைப் போட்டாள். ஒரு கையால்தான் எல்லாம் செய்தாள். இன்னொரு கைக்கு இன்னும் முழு வலு வரவில்லை. வாசலில் அட்டைப்பெட்டிகள் வந்திறங்கின. அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கிட்டே போகவில்லை.

நாற்காலியில் கணக்கு வாத்தியார். முகம் முழுக்க நுரை. ரேடியோவின் ரேசர் அவர் கழுத்தில் நேர்கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

"கடை திறந்துட்டாளா?" என்றார் வாத்தியார். "முடிஞ்சதும் நேரா அங்கதான். என்னதான் நடந்ததுன்னு அவ வாயாலயே கேட்டுடணும்யா."

ரேசர் நின்றது.

"அசையாதீங்க சார்" என்றார் ரேடியோ. "என்ன நடந்துச்சுன்னு கேக்க போலீஸ் இருக்கு, கோர்ட்டு இருக்கு. அவ அங்க சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாச்சு. நம்ம வாய்க்கு ருசியா இருக்கட்டும்னு அவ மறுபடி மறுபடி வெட்டுப்படணுமா? நானே அந்தத் தப்பைப் பண்ணினவன் சார். அடிபட்டவங்களும் சரி, பார்த்துட்டு நடுங்கறவங்களும் சரி, அவங்ககிட்ட நாம கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். உங்களுக்கு என்ன வேணும்? அதைக் கேட்டுட்டு, சொன்னதைச் செஞ்சு கொடுக்கணும். அவ்வளவுதான்."

வாத்தியார் கண்ணை மட்டும் சிமிட்டினார். ரேசர் கழுத்தில் இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் தெருவைக் கடந்தார். ரேடியோ கண்ணாடியில் பார்த்தார். வாத்தியார் படியில் நின்று தயங்கினார். ஏதோ ஒரே ஒரு வாக்கியம் கேட்டார். அந்தப் பெண் அவரைப் பார்த்தாள், பிறகு பெட்டிகளைக் காட்டினாள். வாத்தியார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் பெட்டியைத் தூக்கினார். தலைக்குமேல் இருந்த அலமாரியைப் பார்த்து அவர் திருதிருவென்று விழித்ததில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். "அங்க என்னண்ணே நடக்குது?"

"பெட்டி தூக்குறாரு" என்றார் ரேடியோ. துணியை உதறிப் போர்த்தினார். "உங்களுக்கு என்ன? கட்டிங்கா, ஷேவிங்கா?"