மிளகாய்க் கூடையில் கட்டிய துணி

பால்ராஜ் பட்டணத்துக் கல்லூரி ஒன்றில் உயிரியல் கற்பித்தார். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண், தாய்வழியாகப் பிள்ளைகளுக்கு எப்படி வருகிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பூந்தமல்லியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போவார். சாயமேற்றிய கம்பளி நூல்களைப் பரப்பி, ஒரே நிறத்தைச் சேர்த்து வைக்கச் சொல்வார்.

சென்னீர்குப்பத்தில் பொன்னம்மாளின் மகன் வரதன் பச்சை நூலோடு பழுப்பு நூலைச் சேர்த்தான். அவளுடைய தம்பிகள் இருவரும் அப்படியே செய்தார்கள். இவ்வளவு தெளிவான வம்சப் படம் பால்ராஜுக்கு இதுவரை கிடைத்ததில்லை. மகிழ்ச்சியில் அங்கேயே வரைந்தார். பொன்னம்மாளுக்கான வட்டத்தில் பாதியைக் கறுப்பாக்கி, "இது அம்மா வழியா வருது. உங்க பொண்ணு வடிவுகிட்டயும் இருக்கலாம்" என்று அக்கம்பக்கத்தார் காதுபட விளக்கினார்.

மறு ஞாயிறு பொன்னம்மாள் அவரை உள்ளே கூப்பிடவில்லை.

"மாப்பிள்ளை வீட்டுல தாம்பூலத் தட்டைத் திருப்பி அனுப்பிட்டாங்க சார். எம்பொண்ணு குருட்டுப் புள்ள பெத்துப்பாளாம். நீங்க நூலைக் காட்டாங்காட்டி இந்நேரம் பந்தக்கால் நட்டிருப்போம்."

உள்ளே வடிவு அழுவது கேட்டது.

மாப்பிள்ளை பரந்தாமனின் தாய் எல்லம்மா பூந்தமல்லிச் சந்தையில் மிளகாய் விற்பவள். பால்ராஜ் நேராக அங்கே போனார்.

"வாய்யா நூல் வாத்தியாரே! எனக்கும் பாதி வட்டம் போட வந்தியா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவளுடைய இளைய மகன் ஜெயராமன் இரண்டு கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். ஒன்றில் பச்சைமிளகாய், மற்றதில் சிவந்த பழமிளகாய். பழமிளகாய்க் கூடையின் விளிம்பில் ஒரு கந்தல் துணி கட்டியிருந்தது. ஒருத்தி பழமிளகாய் கேட்டாள். ஜெயராமன் விரலால் அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்த பிறகே அள்ளினான்.

பால்ராஜுக்குப் புரிந்துவிட்டது. உரக்க ஒரு வார்த்தை சொன்னால் சிரிப்பெல்லாம் அவள் பக்கம் திரும்பிவிடும். வாய்வரை வந்ததை, கர்த்தரை நினைத்து விழுங்கினார். கூட்டம் கலையும்வரை நின்றார். பிறகு குனிந்து மெல்லக் கேட்டார்.

"அந்தத் துணியை யாரும்மா கட்டினது?"

எல்லம்மாவின் முகம் வாடியது. "நான்தான். சின்னதுலேர்ந்து மாத்தி மாத்தி அள்ளுவான். அடிச்சுக்கூடப் பாத்தேன்." குரல் தாழ்ந்தது. "இன்னா சார், அப்போ இது எங்கிட்டேர்ந்தா வந்துது?"

"ஆமாம்மா. உங்க மேல குத்தமில்லை. பொன்னம்மா மேலயும் இல்லை."

அவள் ஒரு மிளகாயின் காம்பைக் கிள்ளிப் போட்டாள்.

"வெளிய சொல்லுவியா?"

"மாட்டேன்."

"அப்போ நாளைக்கே தட்டு போவும். ஆனா அந்தப் படம் உங்கிட்ட இருக்கக்கூடாது. எம்மருமவளை ஊரான் எவனும் வட்டம் போட்டுப் பாக்க வாணாம்."

இங்கிலாந்துக்கு அனுப்பவிருந்த கட்டுரைக்கு அந்தப் படம்தான் உயிர். பால்ராஜ் பையிலிருந்து அதை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு அவளிடம் கொடுத்தார். எல்லம்மா நான்காய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பேரனுக்கு வருமா சார்?"

"வரலாம்."

"வந்தா இன்னொரு துணி கட்டிட்டுப் போறேன்."

கட்டுரைக்குக் காத்திருக்கும் தன் பேராசிரியரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் பால்ராஜ் நடந்தார். பையில் இப்போது நூல்கள் மட்டும் இருந்தன. அடுத்த ஞாயிறு அவற்றை யார் வீட்டு வாசலில் பரப்புவது என்று நினைக்கவே அவருக்குக் கூசியது.