கதவுக்கு மூன்று கீல்

காலை பத்து நாற்பதுக்கு மெக்கானிக் சிம்னியை அடுப்புக்கு மேலே தூக்கிப் பிடித்தார். அவள் டேப்பை நீட்டி அளந்தாள்.

"இன்னும் ரெண்டு இன்ச் கீழே வாங்க, அண்ணே."

"கண்ணளவுக்குச் சரியாத்தான் இருக்கும்மா."

"உங்க கண்ணு சரிதான். டேப்புதான் ஒத்துக்க மாட்டேங்குது."

இரண்டு அங்குலம் இறங்கி வந்தார்.

பதினொரு வருஷமாக அந்தச் சமையலறைக் கதவு சாத்தியே இருந்தது. ஏதாவது தாளித்தாலே கணவர் இருமுவார். மிளகாய் என்றால் கேட்கவே வேண்டாம். "கதவு, கதவு" என்று ஹாலிலிருந்து குரல் வரும். போதாததற்குக் கதவின் அடியில் ரப்பர் பட்டை வேறு ஒட்டி வைத்திருந்தார். அந்தப் பக்கம் அப்பாவும் மகளும். இந்தப் பக்கம் அவள். சிரிப்புச் சத்தம் மட்டும் கதவைத் தாண்டி வரும். என்ன என்று எட்டிப் பார்த்தால், "ஒண்ணுமில்லம்மா, அப்புறம் சொல்றேன்" என்பாள் மகள். அப்புறம் யாரும் சொன்னதில்லை.

போன மாதம் சிம்னிப் பேச்சை எடுத்தபோது கணவர் சொன்னார்: "புகை ஹாலுக்கு வராம பண்ணிக் காட்டு. அந்தக் கதவை நானே என் கையால கழற்றிப் போடறேன்."

ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத மனிதர். இருந்தாலும் சொன்னது சொன்னதுதான். அன்றைக்கே அவள் காலண்டர் தாளின் பின்பக்கம் புகை போகும் வழிக்குப் படம் போட்டுவிட்டாள்.

மெக்கானிக் அந்தப் படத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "பரண் வழியா மடக்குக் குழாய் விட்டு, அடைச்சு வச்சிருக்கிற பழைய ஃபேன் ஓட்டையில கொண்டுபோய் விடுவோம். எல்லா வீட்லயும் அப்படித்தான்."

"எத்தனை வளைவு?"

"மூணு. நாலுகூட வரும்."

"நடுவழியிலேயே புகைக்கு அலுத்துப் போயிடும். ஒரு குழாய், ஒரு வளைவு, வெளி முனையில, உள்ளேருந்து காத்து தள்ளினா திறக்கிற மூடி. அவ்வளவுதான்."

"சுவரைக் குடையணுமே."

"அதுக்குத்தானே வந்திருக்கீங்க."

குடைந்தார். ஆறு அங்குலத் தகரக் குழாயை, மழை உள்ளே வராதபடி வெளிப்பக்கம் லேசாகச் சரித்துப் பொருத்தினார். இணைப்புகளில் காற்று கசியாமல் அலுமினிய டேப்பை அவளே சுற்றினாள்.

கணவர் வந்து எட்டிப் பார்த்தார். "முதல்ல மிளகாய். அப்புறம் பேச்சு." கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அடுப்பு அணையாமல் இருக்க ஜன்னலும் எப்போதும்போல் சாத்தியிருந்தது. வாணலியில் ஒரு பிடி வற்றல் மிளகாயைப் போட்டாள். சிம்னி உறுமியது. புகை பாதித் தூரம் ஏறியது. தயங்கியது. அவள் முகத்துக்கே திரும்பி வந்தது. மெக்கானிக் குலுங்கிக் குலுங்கி இருமினார்.

"உள்ளே யாரோ இருமற மாதிரி இருக்கே" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து திருப்தியாக ஒரு குரல்.

காற்றை இழுக்கிறதா என்று டிஷ்யூ தாளை சிம்னியின் வாயில் வைத்துப் பார்த்தாள். விழுந்தது.

"மெஷின்ல குறை இல்லம்மா. குழாயிலயும் இல்ல" என்றார் மெக்கானிக், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அடுப்பை மட்டும் அணைத்துவிட்டு அவள் படத்தை எடுத்தாள். வெளியே போகிற காற்றுக்கு அம்புக்குறி ஒன்று இருந்தது. உள்ளே வருகிற காற்றுக்கு அம்புக்குறி இல்லை.

கீழே பார்த்தாள். ரப்பர் பட்டை.

கதவைத் தள்ளினாள். அந்தப் பக்கம் யாரோ பிடித்திருப்பதுபோல் முரண்டு பிடித்தது. தோளைக் கொடுத்தாள். திறந்ததும் ஹாலின் காற்று அவள் கணுக்காலை உரசிக்கொண்டு உள்ளே ஓடியது. டிஷ்யூ தாளை மறுபடி நீட்டினாள். சப்பென்று ஒட்டிக்கொண்டது.

அடுப்பைப் பற்றவைத்தாள். இன்னொரு பிடி மிளகாய். புகை நூல் பிடித்ததுபோல் நேராக மேலே போனது.

"மூடி திறந்திருச்சும்மா" என்று, வெளியே போய்ப் பார்த்த மெக்கானிக் சந்திலிருந்து குரல் கொடுத்தார். "நல்லாத் தள்ளுது."

ஹாலில் கணவர் செய்தித்தாளை இறக்கினார். தொண்டையைச் செருமிக் காத்திருந்தார். இருமல் வரவில்லை.

"என்னப்பா," என்றாள் மகள், "ஒத்திகை பார்த்த இருமல் மறந்துபோச்சா?"

ஒரு வார்த்தை விடாமல் அடுப்படிக்குக் கேட்டது. முதலில் சிரித்தது அவள்தான்.

மெக்கானிக்கின் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் போய் செய்தித்தாளின்மேல் வைத்தாள்.

"மூணு கீல் இருக்குங்க. எதுலேருந்து ஆரம்பிக்கிறீங்க?"