இடது கையால் ஊற்றுவது

1

இந்தக் கதை கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு ரப்பர்க் கையில் தொடங்கியது. தொண்டு நிறுவனம் கொடுத்த கை. ஊன்-சோலின் அப்பா சாங்-கில் வயல்வெயிலில் கறுத்தவர். அந்தக் கை மட்டும் சியோல் வங்கி மேனேஜருடையதுபோல் வெளுத்திருந்தது.

முதலில் இப்படி எழுதினேன்: ‘போர் நின்று எழுபது ஆண்டுகள் ஆகின்றன. ஆனால்…’

அடித்துவிட்டேன். போர் நின்றுவிட்டதாகக் கண்ணிவெடிக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை. அதைக் குறை சொல்லி என்ன?

2

சாங்-கில் இளவயதில் தொதொக் கிழங்கு தோண்ட மலைக்குப் போனார். வலது கை இல்லாமல் திரும்பினார். (இங்கே இரத்தம் வரும் பத்தி ஒன்று இருந்தது. நன்றாகவே வந்திருந்தது. அதனால்தான் எடுத்துவிட்டேன்.)

இப்போது ஊன்-சோலுக்குக் கல்யாணம் கூடிவந்திருக்கிறது. நகரத்து உணவகத்தில் இரு வீட்டாரும் முதல்முறை சந்திக்கப்போகிறார்கள்.

“கை மெஷின்ல போச்சுன்னு அவங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன்,” என்றாள் அவர் மனைவி. “கண்ணிவெடின்னா, தடை போட்ட மலைக்கு ஏன் போனாருன்னு கேப்பாங்க. மெஷின்னா பாவம்னு விட்டுடுவாங்க.”

“மலை நம்ம வீட்டுக்குப் பின்னாடிதானடி இருக்கு?”

“அதை மலைகிட்ட கேளுங்க. எனக்குப் பொண்ணு கல்யாணம் நடக்கணும்.”

அங்கே பெரியவருக்கு சோஜு மது ஊற்றும்போது ஒரு கை புட்டியைப் பிடிக்க, மறு கை தாங்க வேண்டும். ஒற்றைக் கையால் ஊற்றினால் திமிர். அதுவும் இடது கை என்றால் கேட்கவே வேண்டாம்.* அதனால் சாங்-கில் தண்ணீர்ப் புட்டியை வைத்துப் பழகினார்: மேலே இடது கை, கீழே ரப்பர்க் கை.

* கண்ணிவெடிக்கு மரியாதை தெரிந்திருந்தால் இடது கையை எடுத்திருக்கும்.

3

மாப்பிள்ளையின் அப்பா பெயர் மா. சாங்-கிலைவிட மூத்தவர். இதே மலையில் ராணுவத்தில் இருந்தவர். (அந்தக் கண்ணியைப் புதைத்ததே அவர்தான் என்று எழுதலாம். மூடி போட்டதுபோல் கதை கச்சிதமாக அமையும். அதனாலேயே வேண்டாம். அவர் முகாமில் சமையல்காரர்.)

மா தொதொக் கிழங்கை மென்றார். “இந்த மலைக் கிழங்குக்கு ஈடே கிடையாது சம்பந்தி. நீங்கல்லாம் குடுத்து வச்சவங்க.”

“ஆமாங்க,” என்று சாங்-கில் புட்டியைத் தூக்கினார். ரப்பர்க் கை அடியில் ஒழுங்காகத்தான் நின்றது.

“ஆமா, கை எந்த மெஷின்ல போச்சு? அந்தக் கம்பெனிக்காரனைச் சும்மாவா விட்டீங்க?”

புட்டி அந்தரத்தில் நின்றது. ஊன்-சோல் தட்டைப் பார்த்தாள். மேசைக்கடியில் மனைவியின் கால் அவர் காலை மிதித்தது.

4

முடிவு ஒன்று: மகள் ஓடிவந்து தன் கையை அப்பாவின் கையோடு சேர்த்துப் புட்டியைத் தாங்குகிறாள். எல்லோரும் அழுகிறார்கள். டிவிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

முடிவு இரண்டு: ரப்பர்க் கை கழன்று குழம்புச் சட்டியில் விழ, மாப்பிள்ளை வீட்டார்…

(வேண்டாம். சாங்-கில் என் முகத்தில் விழிக்க மாட்டார்.)

மூன்றாவதை அவரிடமே விட்டேன். புட்டியைக் கீழே வைத்தார். வாரை அவிழ்த்து, ரப்பர்க் கையைக் கிழங்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“மெஷின் இல்லீங்க. கண்ணி. இந்தக் கிழங்கைத் தோண்டத்தான் போனேன்.”

மனைவி மிதிப்பதை நிறுத்தினாள். அவர் புட்டியை மறுபடி எடுத்து, இடது கையால் மட்டும் நீட்டினார்.

இதற்குமேல் என்னிடம் கதை இல்லை. கல்யாணம் மாவின் கோப்பையில் இருக்கிறது. அவர் வாயில் இன்னும் கிழங்கு. மென்று முடிக்கும்வரை அவகாசம் உண்டு. அவருடைய நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். தடை போட்ட மலைக்கு ஏன் போனீர்கள் என்று கேட்கலாம், தடுக்க மாட்டேன். கோப்பையை நீட்டுவதென்றால் மட்டும் இரண்டு கையாலும் நீட்டுங்கள். உங்களுக்குத்தான் இரண்டும் இருக்கின்றனவே. மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா.