தையல் கூடத்துக்குள் வந்த குழந்தை

எங்கள் தையல் கம்பெனியின் குழந்தைகள் அறையில் பன்னிரண்டு தொட்டில்கள். அவற்றைப் பார்த்துக்கொள்கிறவளைத் தொட்டிலக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அந்த வாரம் ஒரு குழந்தைக்கு வந்த சளி, நாலே நாளில் ஏழு குழந்தைகளுக்குத் தொற்றிவிட்டது. சளி பிடித்த பிள்ளைகளுக்குத் தனி அறை கொடுங்கள், இல்லையென்றால் அம்மாக்களுக்கு லீவு கொடுங்கள் என்று தொட்டிலக்கா மேனேஜரிடம் இரண்டு தடவை கேட்டாள். மூக்கு ஒழுகுறதுக்கெல்லாம் லீவு விட்டால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான் என்று அவர் சிரித்தாராம்.

என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். வீட்டில் பட்டாணி என்போம். முதலில் இருமியது என் வீட்டுக்காரர், அப்புறம் அவள். அன்று காலையில் பால் வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு மனசே கேட்கவில்லை. ஆனாலும் கொண்டுவந்து விட்டேன். லீவு கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளத் தெம்பில்லை.

பதினொரு மணி இருக்கும். காலர் தைத்துக்கொண்டிருந்தேன். தொட்டிலக்கா பட்டாணியைத் தோளில் போட்டபடி தையல் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டாள். சூப்பர்வைசர் வழிமறித்தார்.

"குழந்தைய இங்க எதுக்கும்மா தூக்கிட்டு வந்தீங்க?"

"இவ அம்மாவ அனுப்புங்கன்னு ரெண்டு தடவை ஆள் விட்டேன். நீங்க அனுப்பல. அதான் நானே வந்தேன்."

பட்டாணியின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது.

"நிமிஷத்துக்கு எழுபது மூச்சு. சந்தேகமா இருந்தா நீங்களே எண்ணிப் பாருங்க."

அவர் எண்ணவில்லை. "சாப்பாட்டு நேரத்துல போகட்டும். வெளிய போற சீட்டுல மேனேஜர்தான் கையெழுத்துப் போடணும்" என்றார்.

அதுவரை நான் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. மிஷினை அணைத்துவிட்டு எழுந்தேன்.

"அப்ப சாப்பாட்டு நேரம் வரைக்கும் நீங்க மூச்ச அடக்கிக்கிட்டு நில்லுங்க சார். நின்னு காட்டினீங்கன்னா நானும் உக்காந்து தைக்கிறேன்."

பக்கத்தில் இருந்தவள் தன் மிஷினை அணைத்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவளும். கொஞ்ச நேரத்தில் அந்த வரிசை முழுக்க நின்றுவிட்டது. சத்தம் அடங்கியதும் பட்டாணியின் மூச்சு, விசில் மாதிரி இழுப்பது, எல்லோர் காதிலும் விழுந்தது. சூப்பர்வைசர் ஒதுங்கி வழிவிட்டார். கேட்டில் இருந்த காவலாளி சீட்டே கேட்கவில்லை. வண்டியும் அவரே நிறுத்திக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பட்டாணியின் பாதத்தில் ஒரு கருவியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உடனே ஆக்சிஜன் வைக்கச் சொன்னார்.

"வைரஸ் சளிதான். பெரியவங்களுக்குத் தும்மலோட போயிடும். இத்தனூண்டு குழந்தைக்கு நுரையீரல் குழாயெல்லாம் அடைச்சுக்கும். மூச்சுக்கு ஆக்சிஜன், குழாய் வழியா பால், இது ரெண்டும் குறையாம பாத்துக்கிட்டா தானா தேறிடுவா. நேரத்தோட கொண்டு வந்தீங்க."

"காலையிலேயே தெரியும் டாக்டர். தெரிஞ்சும் வேலைக்குப் போனேன்."

"லீவு கேட்டா குடுத்திருப்பாங்களா?" என்றார்.

நாலாம் நாள் பட்டாணி தானாகவே பால் குடித்தாள். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

நான் வேலைக்குத் திரும்பியபோது தொட்டிலக்கா கையில் மேனேஜர் கொடுத்த ஒரு கடிதம் இருந்தது. ஒழுங்கை மீறியதற்கு மன்னிப்பு எழுதித் தர வேண்டுமாம். அவள் அதன் பின்பக்கத்தில் பேனாவை அழுத்தி எழுதினாள்: "குழந்தைக்கு மூச்சு வாங்கினால் நாளைக்கும் தூக்கிக்கொண்டு வருவேன்."

முதல் கையெழுத்து நான் போட்டேன். சாயங்காலத்துக்குள் முப்பத்தெட்டு பேர் போட்டுவிட்டார்கள்.

மேனேஜர் அதற்குப் பதில் எழுதவில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை, குழந்தைகள் அறைக்குப் பக்கத்தில் துணிக்கட்டு அடுக்கியிருந்த அறையைச் சளி பிடித்த பிள்ளைகளுக்காகக் காலி செய்துகொண்டிருந்தார்கள். தொட்டிலக்கா வாசலில் நின்று, "அந்த ஜன்னலையும் திறந்து விடுங்கப்பா, காத்து வரட்டும்" என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள்.