கரி படாத விளக்கு

அண்ணியின் குழந்தை முப்பத்தொரு மணி நேரம் உயிரோடு இருந்தது. அதற்குப் பிறகு நான்கு மாதம் ஆகிவிட்டது. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை, அம்மாவைத் தவிர. அம்மாவிடமும் இருப்பது ஒரே பேச்சுதான். விசாரிக்க வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுவாள்: "ஒரு வாய் பால்கூடக் குடிக்கல. முகம் மனசுல ஒட்டறதுக்குள்ள போயிடுச்சு. அந்த மட்டும் நல்லதுன்னு நெனச்சுக்க வேண்டியதுதான்." வந்தவர்கள் தலையாட்டுவார்கள். அம்மா அதை ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் சொல்லும்போதெல்லாம் அண்ணி எழுந்து கொடியில் காயாத துணிகளை எடுக்கப் போவாள். ஈரத்தோடு மடித்து அலமாரியில் அடுக்கிவிடுவாள். பிறகு நான் அவற்றை எடுத்து மறுபடி காயப்போடுவேன். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

நான் அருங்காட்சியகத்தின் ஆய்வறையில் வேலை பார்க்கிறேன். வேதியியல் படித்ததால் கிடைத்த வேலை. பேசத் தயங்குகிறவளுக்கு ஏற்ற வேலையும்கூட. பானைகள் எதையும் திருப்பிக் கேட்பதில்லை. அந்த வாரம் என் மேசையில் ஒரு சின்ன மண்பாத்திரம் இருந்தது. உள்ளங்கையில் அடங்கும். உருண்டை வயிறு, பக்கவாட்டில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு மூக்கு. எண்ணெய் விளக்கு என்ற பெயரில் நாற்பது வருஷமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. முதலில் சோதித்தவர்கள் மண்ணில் கொழுப்பு ஊறியிருப்பதைக் கண்டார்கள், மூக்கைப் பார்த்தார்கள், மனசுக்குள் திரி போட்டுவிட்டார்கள். மூக்கில் ஏன் துளிக் கரியும் இல்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் உட்புறத்தில் ஒரு சிட்டிகை சுரண்டிச் சோதித்தேன். விதை எண்ணெய் இல்லை. இறைச்சிக் கொழுப்பும் இல்லை. பால்.

"நாப்பது வருஷமா எரிஞ்ச விளக்கு. நீ வந்து ஆறு மாசத்துல அணச்சிட்டியேம்மா," என்றார் துறைத்தலைவர். கோபம் இல்லை, அவருக்கு அந்த நகைச்சுவை பிடித்துப்போய் இரண்டு பேரிடம் திரும்பவும் சொன்னார். புதிய குறிப்பட்டையை நானே எழுத வேண்டும் என்றார்.

"எதோட கெடச்சதுன்னு போடணுமா சார்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போடத்தான் வேணும். ஆனா பாத்துப் போடு. ஜனங்க புள்ளைங்களக் கூட்டிட்டு வர்ற எடம்."

குழந்தை என்ற சொல்லைத் தட்டச்சு செய்வேன். அழிப்பேன்.

திங்கட்கிழமை பார்வையாளர்களுக்கு விடுமுறை. அன்று அம்மா கோயிலுக்கும் அண்ணி கடைக்கும் போயிருந்த நேரத்தில் நான் வீட்டைப் பூட்டி, மறதியில் இரண்டு சாவியையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சாவி கேட்டு வந்தவளைக் காவலாளி ஆய்வறை வாசலில் கொண்டுவந்து விட்டார்.

"மொதல்ல உன் மண்டையத்தான் கண்ணாடிப் பெட்டியில வைக்கணும்," என்றாள் அண்ணி. நான்கு மாதத்தில் அவள் செய்த முதல் கேலி. நான் சிரிப்பதற்குள் அவள் பார்வை மேசைக்குப் போய்விட்டது. பழைய அட்டை பாத்திரத்தின் பக்கத்திலேயே கிடந்தது.

"விளக்கா? திரிய எங்க வைப்பாங்க?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பதிலாக அட்டையே பொய் சொல்லிக்கொண்டிருந்தது. சாவியைக் கொடுத்தால் போய்விடுவாள். சாயங்காலம் யாராவது வருவார்கள். அவள் ஈரத்துணியை மடிப்பாள்.

"விளக்கு இல்ல அண்ணி. தப்பா எழுதிட்டாங்க. பால் குடுக்கற பாத்திரம். கைக்கொழந்தைக்கு."

அண்ணி கைப்பையை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"எங்க கெடச்சுது?"

"ஒரு குழியில. கொழந்தையோட சேத்து வச்சிருந்தாங்க."

"எவ்ளோ பெரிய கொழந்த?"

"பல்லு மொளைக்கல."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பில் ஒட்டியிருந்த மண் துகளை நகத்தால் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"குடிச்சிருக்குமா?"

உள்ளே பால் இருந்தது என்பதற்குமேல் சொல்ல என் சோதனைக்கு உரிமை இல்லை. "மண்ணுக்குள்ள ஆழமா ஊறியிருக்கு அண்ணி. ஒரு தடவ ஊத்தினா அப்படி ஊறாது. குடிக்காத கொழந்தைக்கு யாரு திரும்பத் திரும்ப ஊத்துவாங்க?"

"எத்தன வருஷத்துக்கு முன்னாடி?"

"மூவாயிரம் இருக்கும்."

"இன்னுமா போகல?"

"போகல."

அவள் கையை நீட்டினாள். கையுறை கொடுத்தேன். பெரிய அளவு, விரல்நுனிகள் காலியாகத் தொங்கின. பாத்திரத்தை அவள் உள்ளங்கையில் வைத்தேன். யாரும் சொல்லாமலே இன்னொரு கையும் அடியில் வந்து தாங்கிக்கொண்டது. கட்டைவிரல் மூக்கின்மேல் போய் நின்றது.

"அத்தை சொல்றது நெசமில்ல," என்றாள், சாவி கேட்கிற குரலில். "ஆஸ்பத்திரியில நீ வெளிய நாற்காலியில தூங்கிட்டிருந்த. விடியப்போற நேரம். நர்ஸ் அவளத் தூக்கிட்டு வந்து என் கையில குடுத்தாங்க. குடிச்சா. நாலு வாய் குடிச்சா."