குழாய் ராக்கும் கொழுந்தன் வீடும்

குடோனில் தாழ்ப்பாள் ராக்கை அண்ணி ஒழுங்குபடுத்தி முடித்த அன்று சாயங்காலம், இரண்டு தெரு தள்ளி இருந்த அவளுடைய கொழுந்தன் வீட்டுக் கூடம் ஒரு முழம் குறைந்தது. நடுவில் ஒரு பள்ளிக்கூடமும், பஸ் நிறுத்தமும், பல் டாக்டரின் கிளினிக்கும் இருந்தன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் அவர்களுடைய அப்பா கண்ணை மூடுவதற்கு முன்பே சொத்தைப் பிரித்துக் கொடுத்திருந்தார். குழாய், தாழ்ப்பாள், பெயிண்ட் எல்லாம் மொத்தமாக விற்கும் கடையும் அதன் பின்னால் இருந்த குடோனும் மூத்தவனுக்கு, வீடு இளையவனுக்கு. மூத்தவன் மனைவியோடு கடை மாடிக்குக் குடிபோனான். அந்த மனைவியைத்தான் தெருவே அண்ணி என்று கூப்பிட்டது. இளையவன் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தான். பிரிவினையில் குறை சொல்ல யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை. அதனாலேயே இரண்டு தரப்பும் எங்கேயோ ஏமாந்துவிட்டோம் என்று உள்ளுக்குள் நம்பின.

அப்பா காலத்துக் குடோன் எதைத் தேடினாலும் வேறு ஒன்று கிடைக்கும் இடம். குழாய் வாங்க வந்தவர் காத்திருந்து காத்திருந்து வார்னிஷ் டப்பாவோடு திரும்பிப் போனதுண்டு. அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். வேகமாகப் போகிற சரக்கு கதவுப் பக்கம், கனமானது கீழ்த்தட்டு, பழைய சரக்கு முன்னால், புதியது பின்னால், ஒவ்வொரு தட்டிலும் பெயர் எழுதி ஒட்டிய சீட்டு. ஒரு ராக்கை முடித்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். இங்கே கிடைத்தது கொஞ்சம் இல்லை. முன்பு தள்ளுவண்டி திரும்ப முடியாமல் சுவரைச் சிராய்த்த சந்தில், சில மாதங்களில் லாரியே உள்ளே வந்து திரும்பியது. வெளியே இருந்து பார்த்தால் கட்டடம் பழைய அளவுதான். மூத்தவன் இதை மனைவியின் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தான், அவளும் மறுக்கவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் அவளை உறுத்தியது. ஜன்னலே இல்லாத குடோனில், குழாய் ராக்குக்கு முன்னால், தினமும் காலையில் ஒரு சதுர வெயில் விழுந்தது, உள்ளே கம்பி நிழலோடு. கூரையில் ஓட்டை என்று சந்தேகப்பட்டு ஆளை ஏற்றிப் பார்த்தாள். ஓட்டை இல்லை. சரி, வந்த வெயிலை வீணாக்குவானேன் என்று பசை தடவிய சீட்டுகளை அதில் காய வைத்தாள்.

இளையவன் வீட்டில் முதலில் அலமாரிக் கதவு கட்டிலில் இடித்தது. மனைவி கட்டிலை நகர்த்திவிட்டாள் என்று அவன் சந்தேகப்பட்டான். அவனுக்குத் தொப்பை போட்டுவிட்டது, அதனால்தான் இடம் போதவில்லை என்று அவள் சந்தேகப்பட்டாள். மாசமாக இருப்பது நீயா நானா என்று அவன் கேட்டு வைக்க, அன்று முழுக்கப் பேச்சு வார்த்தை இல்லை. பிறகு அவன் டேப் வாங்கி வந்து அளந்தான். தரையில் கற்கள் ஒன்றும் குறையவில்லை. ஒவ்வொரு கல்லும்தான் சிறுத்துக்கொண்டிருந்தது. டீக்கடையில் அண்ணன் குடோன் சுமைதூக்கியிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தான். பெயிண்ட் டப்பாக்களை அடுக்கினோம் என்று அந்த ஆள் சொன்ன அன்று சமையலறையில் ஒரு மூலை போயிருந்தது. பசை டின்களை அடுக்கிய அன்று பாத்ரூமில் உட்கார முடியவில்லை. தொட்டில் போடுவதற்கென்று மனைவி மனதில் குறித்து வைத்திருந்த இடம் நாளுக்கு நாள் தேய்ந்தது. அண்ணன் திருடுகிறான் என்று அவன் முடிவு கட்டினான். போலீசுக்குப் போனால் எதைக் காணோம் என்று எழுதிக் கொடுப்பது?

ஒரு நாள் குடோனில் யாரோ கைதவறி ஆணிப் பெட்டிகளைக் கொட்டிவிட்டதாகச் சுமைதூக்கி சொன்னான். அன்று இளையவன் வீட்டு அலமாரிக் கதவு தாராளமாகத் திறந்தது. அவனுக்குப் பொறி தட்டியது. அதன் பிறகு அண்ணனைப் பார்க்க வருகிற சாக்கில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் குடோனுக்குள் நுழைவான். கீல்களை பிரஷ்களோடு கலப்பான், சீட்டுகளை மாற்றி ஒட்டுவான், போய்விடுவான். அண்ணி முதலில் எலியைச் சந்தேகப்பட்டாள். எலி சீட்டை மாற்றி ஒட்டாது என்பதால் சுமைதூக்கிகளை, பிறகு எதிர்க்கடைக்காரரை, கடைசியில் கட்டின புருஷனையே. சாப்பிடப் போகிற மாதிரி போய்விட்டு வார்னிஷ் பீப்பாய்க்குப் பின்னால் உட்கார்ந்தவள், கொழுந்தனைக் கையும் களவுமாகப் பிடித்தாள்.

“கேட்டா குடுக்க மாட்டோமா தம்பி? எதுக்கு இந்தத் திருட்டு வேலை?”

“நான் எதையும் எடுக்கல அண்ணி. என்னோடதத்தான் திருப்பி எடுத்துட்டிருக்கேன். எங்க வீட்டுக் கூடம் உங்க குடோன்ல இருக்கு.”

இப்படி ஒரு புளுகை அவள் கேட்டதே இல்லை. கடையில் பங்கு கேட்கப் போகிறார்கள், அதற்கு இது முன்னோட்டம் என்று அன்றைக்கே புருஷன் காதில் போட்டாள். புதுப் பூட்டு வந்தது. அண்ணன் தம்பி தெருவில் பார்த்தால் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அண்ணி இரண்டு மடங்கு வெறியோடு அடுக்கினாள். வாடிக்கையாளர் வாய் திறப்பதற்குள் சரக்கு கைக்கு வந்தது, பிற ஊர் வியாபாரிகள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்கள். இளையவன் கட்டிலை விற்றான், பிறகு அலமாரியை. அவனும் மனைவியும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினார்கள்.

பெண் குழந்தை பிறந்தது. பகை எவ்வளவு இருந்தாலும் குழந்தையைப் பார்க்காமல் இருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அண்ணி ஒரு காலையில் கிளம்பினாள். பைக்குள் குழந்தைக்குச் சட்டையும், அதற்கு அடியில் ஒரு டேப்பும் இருந்தன. பொய்ச் சுவர் எழுப்பி நாடகம் ஆடுகிறார்கள் என்பது அவள் கணக்கு. ஓரகத்தி தெருவில், வாசலுக்கு வெளியே, குழந்தையை ஏந்திக்கொண்டு நின்றிருந்தாள். போகிற வருகிற சைக்கிளுக்கெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி நின்றாள். பிள்ளை பெற்ற பச்சை உடம்பு.

“ஏம்மா இங்க நிக்கற?”

“குழந்தை மஞ்சளா இருக்கு, காலை வெயில் காட்டுங்கன்னு டாக்டர் சொன்னார்க்கா. வீட்டுக்குள்ள இப்ப வெயில் வர்றதில்ல.”

அண்ணி உள்ளே எட்டிப் பார்த்தாள். சுவரைத் தட்டினாள், பழைய சுவர், கெட்டிச் சத்தம். புதுப்பெண்ணாக வந்தபோது அவள் தலை உலர்த்திய கூடத்து ஜன்னல் உள்ளங்கை அளவுக்கு இருந்தது, கம்பிகள் தீக்குச்சித் தடிமன். அவள் டேப்பை எடுக்கவில்லை. சட்டையை ஓரகத்தி தோளில் போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி நடந்தாள்.

குடோனில் வெயில் விழுந்திருந்தது, அதில் சீட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அண்ணி, தன் கையால் அளவு பார்த்து, சைஸ் பிரித்து, வாய் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்கிய குழாய்களை ராக்கிலிருந்து வாரி வாரித் தரையில் போட்டாள். சத்தம் கேட்டு ஓடி வந்த மூத்தவனுக்கு மனைவிக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று சந்தேகம். அவள் அழுதுகொண்டே கொட்டினாள். கடைசித் தட்டு காலியானபோது தரையில் இருந்த வெயில் போய்விட்டது. இரண்டு தெரு தள்ளி, நாற்காலியை இழுக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு கூடத்துச் சுவர் பின்னால் போனதாக இளையவன் சொன்னான்.

குழாய் ராக் இனி கலைந்தே கிடக்கட்டும் என்று இரண்டு தரப்பும் பேசி முடிவு செய்தன. அதற்காக ஒருவரை ஒருவர் நம்பிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. யாராவது கைநமைச்சல் தாங்காமல் குழாய்களை அடுக்கிவிட்டார்களா என்று இளையவன் அடிக்கடி வந்து பார்த்தான். அவன் வந்து போனதும், பேசியதற்கு மேல் கலைத்துவிட்டானா என்று அண்ணி சுற்றி வந்தாள். ஒரு முறை அந்த வீட்டுக்குப் பால்கனி முளைத்தபோது நேராக வால்வு ராக்குக்குப் போய்ப் பார்த்தாள். சந்தேகப்பட்டது சரியாக இருந்தது, நாலே தட்டு திரும்ப அடுக்கினாள், பால்கனி போயிற்று. குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் படிக்கிற மேஜைக்காகக் கீல் ராக்கை அவளே கலைத்துவிட்டாள்.

இன்ஷூரன்ஸ் அதிகாரி ஒருவர் குடோனைப் பார்வையிட வந்தார். ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், கண்டபடி கிடந்த குழாய்க் குவியலுக்கு முன்னால் நின்று முகத்தைச் சுளித்தார். இவ்வளவு நேர்த்தியான இடத்தில் இது என்ன என்று கேட்டார். மூத்தவன் குழாய்களையும் அவர் காலையும் பார்த்தான்.

“அது பாப்பா ரூம் சார். ஷூவைக் கழட்டிட்டுப் போங்க.”

அதிகாரி குனிந்து கயிற்றை அவிழ்த்தார்.